சாப்பாட்டுக்கு அல்ல

வெர்லின் ஸ்டாஃபர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் பிள்ளைகளை அதட்டிய வாய் சும்மா இருக்குமா? அமெரிக்காவின் ஐடஹோவில் ஒரு சின்ன ஊர்த் துப்பாக்கிக் கழகத்தில் பாதுகாப்பு அதிகாரி ஆகிவிட்டார். வேறு யாரும் போட்டியிடவில்லை என்பதைத் தானே சொல்லிச் சிரிப்பார்.

சுட்டுத் தள்ளிய பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, புது வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டா செய்வது அங்கே பாதி ஆண்களின் பொழுதுபோக்கு. வெர்லின் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்து, சிவப்புப் பொடிப் பெயின்ட்டில் குலுக்கி, கார் ஷெட்டில் ஒரு பழைய ரொட்டி அடுப்பில் சுட்டெடுப்பார். பெயின்ட் உருகி ஈயத்தின் மேல் தோலாகப் படிந்துவிடும். அந்தப் புகைக்கு ஒரு மின்விசிறி, ஒரு முகமூடி. அடுப்பின் மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: 'சாப்பாட்டுக்கு அல்ல.'

"வீட்டு அடுப்புல குண்டு சுடுறவன் முட்டாள்யா," என்று கழகத்தில் முழங்குவார். "பூச்சு ஒழுங்கா இருந்தா ஈயம் உன்னை அண்டவே அண்டாது. என்னைப் பாரு."

அக்டோபரில் அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஈயம் இருபத்தெட்டு. ஐந்தைத் தாண்டினாலே யோசிக்க வேண்டுமாம்.

"பூச்சுலதான் ஏதோ கலப்படம்," என்று பெயின்ட்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு, பெயின்ட் பற்றிய ஒரு கட்டுக் காகிதத்தோடு ஊர் மருத்துவமனை நர்ஸ் மைட்டேயிடம் போனார். அவள் பொறுமையாகப் படித்தாள்.

"பெயின்ட்ல ஒண்ணும் இல்ல. குண்டை விடுங்க. பழைய கூட்டை எப்படிச் சுத்தம் பண்றீங்க?"

"உருட்டுற மெஷின்ல, மக்காச்சோளச் சக்கைப் பொடி போட்டு மினுக்குவேன். பொடிதான் கன்னங்கரேல்னு ஆயிடும்."

"அந்தக் கறுப்புலதாங்க ஈயம் இருக்கு. மருந்தைப் பத்த வைக்கிற மூடியில இருந்து வர்றது. குண்டுக்கு எத்தனை பூச்சு பூசினாலும் இது போகாது. தூசி உங்க மூக்குலயும் வாயிலயும் போகுது. சரி, பொடியையும் கூட்டையும் எதுல சலிக்கிறீங்க?"

வெர்லின் மேசையில் இருந்த காகிதக் கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

சமையலறை வடிதட்டில். துளை அவ்வளவு கச்சிதம். சனிக்கிழமை மனைவி நேடின் தேவாலயப் பாட்டுப் பயிற்சிக்குப் போனதும் எடுப்பார். சலித்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஆணியில் மாட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை நேடின் அதில்தான் ஸ்பகெட்டி வடிப்பாள். சாப்பிட வருகிறவள் மகள் கொரின். ஏழு மாத கர்ப்பிணி.

வண்டியில் ஏறி உட்கார்ந்தார். என் ரத்தத்தில் ஈயம் எண்பதே ஆகட்டும், அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வாய்விட்டே சொன்னார். அடுப்புக்குப் போர்டு எழுதிய மகா புத்திசாலி என்று தன்னையே திட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

நேடின் முழுதும் கேட்டாள். வடிதட்டை இறக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சனிக்கிழமையானா இது ஈரமா தொங்கும். பாவம், மனுஷன் எனக்காகப் பாத்திரம் கழுவுறாருன்னு பாட்டுக்காரங்ககிட்ட எல்லாம் பெருமையா சொன்னேனே வெர்லின்," என்றாள். மகளையும் கூட்டிப்போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவள், முடிவு வரும்வரை, நான்கு நாள், அவரோடு பேசவில்லை.

நேடினுக்கு ஆறு. கொரினுக்கு ஒன்று.

"ஒண்ணா? சரியாப் பாத்தியா?" என்று மகளிடம் போனில் மூன்று தடவை கேட்டார்.

"ஏப்ரல்ல இருந்து தக்காளி வாசனையே எனக்கு ஆகலப்பா. அம்மா மனசு நோகுமேன்னு வாராவாரம் என் ஸ்பகெட்டியை உன் தட்டுல தள்ளிவிட்டேன். நீ பாதுகாப்பு பத்திப் பேசிட்டே ரெண்டு பேர் பங்கையும் தின்னுட்ட. கவனிக்கவே இல்ல."

வெர்லின் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். அழுகையினூடே சிரிப்பும் வந்தது. வாழ்நாளில் தன் வாய் செய்த ஒரே உபகாரம் அதுதான் என்று தோன்றியது.

புதன்கிழமை கழகத்தில் எழுந்து நின்று, "என்னைப் பாருங்க," என்று ஆரம்பித்து, வடிதட்டு வரை ஒன்று விடாமல் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. நாலைந்து பேர் அவசரமாக வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

திரும்பி வந்தபோது சமையலறை ஆணியில் புது வடிதட்டு தொங்கியது. பிடியில் நேடினின் கொட்டை எழுத்து: 'வெர்லினுக்கு அல்ல.'