டாக்டர் காரில் ஒரு ஊசி

எங்களுக்குக் கல்யாணமான நாலாம் வருஷம் என் வீட்டுக்காரர் ஒரு கார் வாங்கினார். அவர் டாக்டர். நாகல் நகரில் சின்னதாக ஒரு டிஸ்பென்சரி வைத்திருந்தார். வியாழக்கிழமைதோறும் கன்னிவாடிக்குப் போய் அங்கே ஒரு மண்டியின் முன்கட்டில் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பார். அதுவரை பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தார். பக்கத்து ஸீட்டுக்காரர்கள் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி மருந்து கேட்ட தொல்லை தாங்காமல்தான் கார் வாங்கினேன் என்று சொல்வார். அந்தக் காரைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்பதுதான் என் கட்சி.

கொடைக்கானலை விட்டுச் சீமைக்கே திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரின் கார் அது. யுத்தத்துக்கு முந்தியது. முன்பக்கம் டேஷ்போர்டில் ஒரு கடிகாரம் இருந்ததாம். துரை போகும்போது ஞாபகத்துக்காக அதை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அதனால் இடது பக்கம், என் ஸீட்டுக்கு நேர் எதிரே, வட்டமாக ஒரு ஓட்டை. நான் அதில் கைக்குட்டையைச் செருகி வைப்பேன்.

கார் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பெட்ரோல் குடிப்பதில் அதற்கு நிகர் கிடையாது. கன்னிவாடி போய்த் திரும்பினால் நேராகப் பெட்ரோல் பங்குக்குத்தான் போக வேண்டும். இதைப் பற்றி என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் புலம்புவார். நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, நீட்டிய நாக்கைப் பார்த்தபடியே புலம்புவார். நோயாளியால் பதில் சொல்ல முடியாது என்பது அவருக்கு வசதியாகப் போயிற்று.

கொழும்பில் வேலை பார்த்த என் அண்ணன் அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு போட் மெயில் ரயிலில் வந்து இறங்கினார். அவருக்கும் கடிதம் தவறாமல் இந்தப் புலம்பல் போயிருந்தது போல. மாப்பிள்ளைக்கு என்று ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினார். உள்ளே ஒரு மீட்டர். வட்டக் கண்ணாடி, அதற்குள் ஒரு ஊசி, பின்னால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை. பெட்ரோல் சிக்கனமாகச் செலவானால் ஊசி பச்சையில் நிற்கும், வீணானால் சிவப்புக்கு வந்துவிடும் என்று அண்ணன் விளக்கினார். சூட்சுமம் இதுதான்: காலை லேசாக வைத்து ஓட்டும்போது எஞ்சின் காற்றைப் பலமாக உறிஞ்சும். ஓங்கி மிதித்தால் அந்த உறிஞ்சல் தளர்ந்துவிடும். ஒரு ரப்பர் குழாயை எஞ்சினில் சொருகி அந்த உறிஞ்சலை அளந்து காட்டுகிறது இந்த மீட்டர்.

என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கிக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தார். பிறகு, "இது வண்டிக்கு பிளட் பிரஷர் பாக்குற மெஷின்ல?" என்றார். அண்ணன் ஆமாம் என்று சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாளே மெக்கானிக்கிடம் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருந்த மனிதர். நிதானமானவர், வண்டிகளை மாடுகளைப் போலத் தட்டிக்கொடுத்துப் பேசுவார். மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எஞ்சின் குழாயில் ஒரு துளை போட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னதும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"டாக்டரய்யா, நல்லா இருக்குற ஆளுக்கு நீங்க ஆப்பரேஷன் பண்ணுவீகளா?" என்று கேட்டார்.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. அந்தக் காலத்துக் கார்களில் மழைத்தண்ணி துடைக்கும் வைப்பர் கரண்டில் ஓடாது. எஞ்சின் உறிஞ்சும் அதே காற்றில்தான் ஓடும். அதற்கென்று ஒரு குழாய் ஏற்கெனவே எஞ்சினிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதை நடுவில் வெட்டி, மூன்று வாய் வைத்த ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, ஒரு வாயை வைப்பருக்கும் ஒரு வாயை மீட்டருக்கும் விடலாம் என்று மெக்கானிக் சொன்னார். கண்ணாடிக் குழாய் டிஸ்பென்சரியில் இருந்தது. மீட்டரோடு வந்த ரப்பர் குழாய் எட்டாமல் போகவே, என் வீட்டுக்காரர் டிஸ்பென்சரிக்கு ஓடிப் போய் ஒரு சிவப்பு ரப்பர் குழாயை எடுத்து வந்தார். அது எனிமா டப்பாவில் தொங்கிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். மெக்கானிக்கிடம் நான் சொல்லவில்லை. அவர் அதை வாயில் வைத்து ஊதி ஊதிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

மீட்டரை எங்கே வைப்பது என்பதில் யோசனைக்கே இடமில்லை. துரை கடிகாரத்தைக் கழற்றிய ஓட்டையில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்துவிட்டது. எல்லாம் முடிந்து அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் வெளிச்சம்தான் அடிக்கிறது, ஊசி தெரியவில்லை. ஊசி எனக்குத்தான் தெரிந்தது.

"நீ பாத்துச் சொல்லு. அம்புட்டுத்தானே," என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அந்த உத்தியோகம் வந்து சேர்ந்தது. நான் ஏற்கெனவே பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர். காலையில் அவர் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு டிஸ்பென்சரிக்குப் போவார். வழி நெடுக நான் "பச்சை… பச்சை… மஞ்சள்" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். மஞ்சள் என்றால் காலைத் தளர்த்துவார். சிவப்பு என்று சொன்னால் காலையே எடுத்துவிடுவார். பால்கேன் கட்டிய சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். தாண்டும்போது, வண்டி தள்ளணுமா என்று அக்கறையாக விசாரித்தார்கள். கன்னிவாடியில் காலை முதல் காத்திருந்த நோயாளிகளில் பாதிப் பேர் டாக்டர் வருவதற்குள் சொஸ்தமாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில்தான் தலைகுனிவு. நடந்து வந்த நாளெல்லாம் முதல் மணிக்கு முன்னால் வந்தவள், காரில் வர ஆரம்பித்த பிறகு தினமும் தாமதமானேன். தலைமை ஆசிரியையாக இருந்த மதர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு காரைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். பரீட்சைக் கேள்வித்தாள் என் பையில் இருந்த ஒரு திங்கட்கிழமையும் இப்படியே ஊர்ந்துகொண்டிருந்தோம். மணி அடிக்க ஐந்து நிமிஷம்தான் இருந்தது. ஊசி மஞ்சளிலிருந்து சிவப்புப் பக்கம் சாய்ந்தது.

"என்ன கலர்?" என்று கேட்டார்.

"பச்சை," என்றேன்.

அவர் சந்தோஷமாக மிதித்தார். கார் பாய்ந்தது. ஊசி சிவப்பின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டது. "இப்ப?" என்றார். "இப்பவும் பச்சைதான்," என்றேன். முதல் மணி அடிக்கும்போது நான் வகுப்பில் இருந்தேன்.

ஒரு நாளைக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று சாயங்காலம் அவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தபின் எப்படி மாற்றிச் சொல்வது? கை பழகிவிட்டது என்றார். வண்டியும் தானும் ஒன்றாகிவிட்டோம் என்றார். அதன் பிறகு நான் ஊசியைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஜன்னல் வழியே தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே, அவ்வப்போது பச்சை என்று சொல்லுவேன். நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று இடையில் ஒரு மஞ்சள் போடுவேன். பாவசங்கீர்த்தனத்தில், சாமியாரிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும்போது, சொல்லலாமா என்று யோசித்தேன். எங்கள் கோவில் பங்குச் சாமியார் மாதம் இரண்டு தடவை எங்கள் காரில் வருகிறவர், குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார் என்று சொல்லவில்லை.

முன்னைக்கு இப்போது வண்டி ஒரு வாய் கூடத்தான் குடிக்கிறது என்று பங்கில் பெட்ரோல் போடுகிறவர் ஒரு நாள் சொன்னார். கோடை வந்துவிட்டது, வெயிலில் பெட்ரோல் ஆவியாகிறது என்று என் வீட்டுக்காரர் அவருக்கு விளக்கினார்.

அவருக்கு ஒரு வக்கீல் சிநேகிதர் இருந்தார். ஆறடி உயரம், எந்நேரமும் வாயில் சுருட்டு. மீட்டர் சமாசாரத்தை அவர் ஆரம்பத்திலிருந்தே நம்பவில்லை. பண்ணைக்காட்டில் ஒரு கட்சிக்காரரின் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதும், என் வீட்டுக்காரர் அதற்காகவே காத்திருந்தவர் போல, நம்ம வண்டியிலேயே போகலாம், மலை ரோட்டில் ஊசி எப்படி நிற்கிறது என்று நீயே பார் என்று அழைத்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் புறப்பட்டேன். வக்கீலுக்குக் கால் நீளம். முன் ஸீட்டில் அவர் உட்கார்ந்தார். நான் பின்னால், டிபன் கேரியருக்குப் பக்கத்தில்.

ஊர் எல்லை தாண்டவில்லை. வக்கீல் குனிந்து பார்த்துவிட்டு, "டாக்டர், இது சிவப்புல நிக்குதே?" என்றார்.

"மேடு ஏறுறோம்ல," என்றார் இவர்.

வக்கீல் ரோட்டைப் பார்த்தார். வத்தலக்குண்டு ரோடு அந்த இடத்தில் பலகை போலச் சமமாக இருக்கும். செத்த நேரம் கழித்து மறுபடியும் சிவப்பு என்றார். பிறகும் சிவப்பு. என் வீட்டுக்காரர் காலைத் தளர்த்தினார், கொஞ்சம் மிதித்தார், மறுபடி தளர்த்தினார். நேத்து வரைக்கும் பச்சையாத்தானே இருந்துச்சு என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அவர் கண் என்னைத் தேடியது. நான் டிபன் கேரியரைச் சரிபார்த்தேன்.

வக்கீல் மெதுவாகத் திரும்பினார். கோர்ட்டில் சாட்சியிடம் பேசுகிற அதே குரலில் கேட்டார்: "நேத்து நீங்க பாத்தப்ப என்ன கலரும்மா?"

"நேத்து நான் பாக்கல," என்றேன். "ஜன்னல் பக்கம் பாத்துட்டு வந்தேன்."

"முந்தாநாள்?"

"அன்னைக்கும் ஜன்னல்தான்."

வக்கீல் திரும்பி நேராக உட்கார்ந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. மலை அடிவாரம் வரை கார் மாட்டுவண்டி வேகத்தில் போயிற்று.

மலை ஏற ஆரம்பித்ததும் மழை பிடித்தது. ஏற்றத்தில் எஞ்சின் திணறத் திணற வைப்பர் கிழவர் போலத் தயங்கித் தயங்கி நடந்தது, ஒரு வளைவில் கண்ணாடியின் நடுவே நின்றேவிட்டது. அதே சமயம் பானட்டுக்குள் புஸ்ஸென்று ஒரு சத்தம். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்தது. மூவரும் நனைந்துகொண்டே இறங்கிப் பார்த்தோம். சிவப்புக் குழாய் வெந்து பிளந்து, கண்ணாடிக் குழாயிலிருந்து கழன்று தொங்கியது. ஓரங்களில் பழைய வெடிப்புகள் இருந்ததைப் பார்த்தால், பல நாளாகவே அந்த வழியாகக் காற்று கசிந்திருக்க வேண்டும். எஞ்சின் அதனால்தான் கூடுதலாகக் குடித்திருக்கிறது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க வைத்த மீட்டரே பெட்ரோலைத் தின்றிருக்கிறது.

"இது என்ன குழாய்?" என்று வக்கீல் கையில் எடுத்துப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சொன்னார். வக்கீல் கீழே போட்டுவிட்டுக் கையை மழையில் நீட்டிக் கழுவினார்.

திறந்திருந்த வாயில் துணியைத் திணித்து அடைத்ததும் எஞ்சின் கிளம்பிவிட்டது. ஆனால் துணியைத் தாண்டிக் காற்று கசிந்ததில் வைப்பர் மட்டும் அசையவில்லை. புகையிலையைத் தேய்த்தால் கண்ணாடியில் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும் என்று லாரிக்காரர்கள் சொல்லி நான் கேட்டிருந்தேன். வக்கீலின் சுருட்டைக் கேட்டேன். அது அப்போதுதான் பற்றவைத்த சுருட்டு. அவர் என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், அணைத்துக் கொடுத்தார். பிரித்துத் தேய்த்தேன். ரோடு தெரிந்தது. பண்ணைக்காடு போய்ச் சேர்வதற்குள் மேலும் இரண்டு சுருட்டு போயிற்று.

வீடு திரும்பிய பிறகு இரண்டு நாள் அவர் என்னிடம் உப்பு, தண்ணீர் என்று தேவையானதை மட்டும் கேட்டார். மூன்றாம் நாள் காலையில் கார்ச் சாவியை என் முன்னால் வைத்தார்.

"நீ ஓட்டு. நான் ஊசி பாக்குறேன். அப்பத் தெரியும்," என்றார்.

தண்டனையாகத்தான் சொன்னார். எனக்கு உள்ளூர ஆசை இருந்தது அவருக்குத் தெரியாது. மெக்கானிக் புதுக் குழாய் போட்டுக் கொடுத்தார். வற்றிக் கிடந்த ஒரு குளத்தில் ஓட்டப் பழகினேன். முதல் வாரம் முழுக்க ஆடு மேய்ப்பவர்கள் கரைமேல் ஏறி நின்றார்கள். இரண்டாவது வாரம் அவர்களில் ஒருவர், "கிளச்சை மெதுவா விடுங்கம்மா," என்று சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியையே பார்த்தபடி இருப்பார். முதலில் சிவப்பு, சிவப்பு என்று உற்சாகமாகச் சொன்னார். பிறகு மஞ்சள் என்றார். ரோட்டுக்கு வந்த பிறகு அவர் குரல் குறைந்துகொண்டே போயிற்று. கன்னிவாடிக்கு முதல் தடவை நான் ஓட்டிப் போன அன்று, பாதி வழியில் நானே கேட்டேன்.

"என்ன கலர்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். ஊசி பச்சை நடுவில் அசையாமல் நின்றது. ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றார்.

அந்த வாரக் கடைசியில் காரை மெக்கானிக் கொட்டகைக்குக் கொண்டுபோகச் சொன்னார். அந்த மீட்டர் ஆரம்பத்திலிருந்தே சரியில்லை, தாறுமாறாகக் காட்டுகிறது, கழற்றிவிடலாம் என்றார். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் பானட்டைத் திறந்துவிட்டேன். திருப்புளியை எடுத்து ஐந்து நிமிஷத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

லைசென்ஸ் எடுத்த பிறகு வியாழக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் நானே காரை எடுத்துக்கொண்டு போய் காலையில் பஸ்ஸில் போனவரைக் கன்னிவாடியிலிருந்து அழைத்து வர ஆரம்பித்தேன். அவர் பக்கத்து ஸீட்டில் ஏறி உட்கார்ந்து, நோயாளி யாராவது கொடுத்த சிறுமலை வாழைப்பழத்தை உரித்து ஆளுக்குப் பாதியாகத் தருவார். அன்றைக்கு யார் யாருக்கு என்ன வியாதி என்று சொல்லிக்கொண்டே வருவார். மேட்டுப்பட்டி தாண்டுவதற்குள் தூங்கிப்போவார்.