ஒருவருக்கு மட்டும் உதவித்தொகை

ஆய்வகத்தில் அவனை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஏரியடி மண்ணில் பழைய பூச்சிகளின் மிச்சம் தேடுவது அவனுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. பல்கலைக்கழக உதவித்தொகை நின்றுபோனதும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். வழி சொன்னது பக்கத்து மேசை அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. அதே பேராசிரியையிடம் அவனுக்கு முன்னால் சேர்ந்தவள், கைக்குழந்தைக்காரி.

“மேடம்கிட்ட போய் ‘பணம் இருக்கா’ன்னு மொட்டையா கேக்காதடா. அவங்க திட்டத்துல எந்த வேலை தேங்கிக் கிடக்குன்னு பாரு. ‘அத நான் முடிச்சுத் தரேன், என் ஆராய்ச்சிக்கும் உதவும்’னு சொல்லு. அப்புறம் கேளு.”

குளிர் அறையில் மண் ஜாடிகள் திறக்கப்படாமல் அலமாரி அலமாரியாகக் கிடந்தன. நெட்டை சிலவற்றைச் சலித்து, நுண்ணோக்கியில் பார்த்து, கண்டவற்றைக் குறித்து எடுத்துக்கொண்டு பேராசிரியையின் அறைக்குப் போனான்.

அவர் முகம் மலர்ந்தது. “நல்லா வந்திருக்கே! ஆனா ஒருத்தருக்குத்தான் பணம் இருக்கு. உங்க அக்காவும் கேட்டிருக்கா. ஏரிக்கரையில வாரக்கணக்கா தங்கி மண் எடுக்கணும். குழந்தைய விட்டுட்டு அவளால வர முடியுமா?”

முடியும் என்று அவனுக்குத் தெரியும். அக்காவின் கணவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள விடுப்பில் இருந்தார். “எனக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் பால்புட்டி கழுவுறதுல டாக்டர் பட்டம் வாங்கிடுவார்” என்று அவளே சிரித்திருக்கிறாள்.

“கஷ்டம்தான் மேடம்” என்றான் நெட்டை.

இடம் அவனுக்குக் கிடைத்தது. அக்கா மனசார வாழ்த்தினாள். பிறகு செலவுக்குப் பணம் வேண்டி எதிர்க்கட்டடத்தில் முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கப் போனாள். அவளுடைய நுண்ணோக்கி பகலெல்லாம் உறை போட்டபடி கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் தன் வேலையைப் பாதியில் விட்டு வெளியே எழுந்து போனான்.

கடைசியில் பேராசிரியையிடம் போய் உண்மையைக் கொட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“அவளக் கேக்கவேண்டியத உன்கிட்ட கேட்டேன் பாரு, என்னைத்தான் குத்தம் சொல்லணும். சரி, அடுத்த பருவத்துலேர்ந்து பணம் அவளுக்கு. செய்முறை வகுப்ப நீ எடு.”

அக்காவிடமும் அவனே சொன்னான். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றான். அவள் திட்டவில்லை.

“முடியுமா முடியாதான்னு நான்தானேடா சொல்லணும்?”

அவ்வளவுதான். அடுத்த பருவத்தில் அவள் ஏரிக்குப் போய் மண் கொண்டுவந்தாள். வகுப்பு முடிந்து வரும் நெட்டை அதைச் சலித்துக் கொடுத்தான். வேலையைப் பற்றி அவனிடம் எப்போதும்போலப் பேசினாள். வீட்டுக் கதை மட்டும் சொல்வதில்லை. குழந்தை நடக்க ஆரம்பித்த செய்தி ஆய்வகத்தில் மற்றவர்கள் பேசித்தான் அவன் காதுக்கு வந்தது. குழந்தை எப்படி இருக்கிறது என்று அவளையே கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.