ஆண்: தெரியவில்லை

நிலாவில் கால் வைத்தவனுக்கு அடுத்தபடியாக மனித குலம் நெஞ்சை நிமிர்த்திக் காட்டவேண்டிய ஆள் உர்போ வைனிக்காதான். அந்த மாமனிதர் இப்போது தூரிகை நுனியை நாக்கில் நனைத்து, எள்ளைவிடச் சின்னதான ஒரு வண்டின் முதுகைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். துடைத்துவிட்டு மறுபடியும் அதே நுனியை நக்குகிறார். வண்டின் அழுக்கு உடம்புக்கு நல்லது என்று யார் சொன்னார்களோ.

பிழைப்புக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். லோஹ்யா ஊரில் பாதிப் பேருக்கு வண்டியைப் பின்னால் எடுக்க வராது, காரணம் இவர்தான். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே வெட்டிப்போட்ட மரம் தெரிந்துவிட்டால், "நிறுத்து! நிறுத்து! கட்டை!" என்று அலறுவார். மாணவன் ஏதோ குழந்தை குறுக்கே வந்துவிட்டது என்று பிரேக்கை மிதித்து வேர்த்துப்போவான். உர்போவோ அதற்குள் இறங்கி, பள்ளத்தில் மண்டியிட்டு, பட்டையில் வண்டு குடைந்த மாவு கொட்டியிருக்கிறதா என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருப்பார்.

அவர் தேடும் வண்டுக்கு அம்புரோசியா வண்டு என்று பெயர். தேவர்களின் அமுதமாம். தின்பதோ பூஞ்சணம். மரத்தைக் குடைந்து, சுரங்கத்துச் சுவரில் பூஞ்சையைப் பயிரிட்டு, அதை மேய்ந்து பிழைக்கிற ஜாதி. சாராய வாசனைக்கு ஓடிவரும் என்பதால் வோட்கா ஊற்றிய புட்டிகளை மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிடுவார். வண்டுக்கு ஒரு மூடி, தனக்கு ஒரு மூடி. தெருவில் யாராவது சிரித்தால், "இது ஆராய்ச்சிடா, உங்க மண்டைக்கு ஏறாது" என்பார், கொஞ்சம் தள்ளாடியபடி.

இந்தப் பெருமை எல்லாம் ஒருநாள் வீட்டுக்குப் பின்னாலேயே பழுத்தது. மனைவி அவுலிக்கி, சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்கு அடுக்கிவைத்திருந்த விறகில் ஒரு கட்டையைப் பிளந்தபோது, உள்ளே ஊரறிந்த பழைய வண்டுகள் ஒரு குடும்பமே இருந்தன. அவற்றின் நடுவே வேறொன்று. அவற்றில் பாதி உயரம், கூன் முதுகு, பறக்க இறக்கை இல்லை. "புது இனம்!" என்று உர்போ கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் விறகுமில்லை, சவுனாவுமில்லை. கட்டைகள் எல்லாம் "சான்று" ஆகிவிட்டன. உர்போ வர்ணனை எழுதினார். வண்டின் நிறத்தைத் தீர்மானிக்கக் கோப்பை கோப்பையாகக் காப்பி கலந்து, ஒவ்வொன்றிலும் பாலைக் கூட்டிக் குறைத்து, வண்டைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். இத்தனைக்கும் பிறகு எழுதியது: செம்பழுப்பு. நெற்றி, கால், முதுகின் மயிர் என்று பக்கம் பக்கமாக வளர்த்து, அந்த ஒற்றைக் கூன் வண்டைப் பெண் என்று வைத்துக்கொண்டு, ஆண் வண்டு கிடைக்காதபோது இந்த எழுத்துக்காரர்கள் வழக்கமாகப் போடும் வரியோடு முடித்தார்: ஆண்: தெரியவில்லை. இனத்துக்குப் பெயர், மனைவியின் பெயரை லத்தீனாக்கி, "அவுலிக்கியே", அதாவது அவுலிக்கியுடையது.

சனிக்கிழமை வண்டுச் சங்கத்தில் வாசிக்கவேண்டும். அந்தச் சங்கத்தில் ஒரு சட்டம். புது இனம் என்று கொண்டுவந்து பொய்த்துப்போனால், கொண்டுவந்தவர் எல்லோருக்கும் ஏலக்காய் பன் தரவேண்டும். உர்போ ஏற்கெனவே இருமுறை தந்தவர். அவரை அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "பேக்கரி" என்பார்கள். மூன்றாவது முறையும் பன் என்றால் அந்த வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை அவுலிக்கி கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு நுண்ணோக்கிக்குள் குனிந்தாள்.

"ஏன் உர்போ, மத்ததுங்கெல்லாம் என்ன?"

"அதெல்லாம் பொம்பளைங்க. தோண்டுறது, பூஞ்சை வளக்குறது, குப்பை அள்ளுறது எல்லாம் அதுங்கதான்."

"இது?"

"இது எந்த வேலையும் செய்யாது. வெளிய போகாது. அதான் விசேஷம்."

"கூன் போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கு. சோறு மட்டும் வேளைக்கு வரணும். இதைப் போய்ப் புது இனங்கிறியே, இது அதுங்க வீட்டு ஆம்பளைய்யா!"

"கூறு கெட்டவளே! எத்தனை வருஷமா வண்டு பாக்குறேன், எனக்கு ஆண் தெரியாதா?"

"அப்ப வயித்தைத் திறந்து பாத்துரு."

"இருக்கிறதே ஒண்ணு. கிழிச்சா போச்சு."

"பயந்துட்ட."

உர்போ எழுந்து வெளியே போனார். கதவுதான் பேசியது.

மேல்மாடியில் ஒரு பெண் இருக்கிறாள். உயிரியல் வகுப்பைப் பாதியில் விட்டவள். உர்போவிடம் கார் ஓட்டக் கற்று இன்னும் பின்னால் எடுக்கத் தெரியாதவள். அன்று மாலை உர்போ பாடத்துக்குப் போனதும் காப்பி குடிக்க வந்த சாக்கில், ஏலக்காயை உரித்து வண்டு மாதிரியே இருந்த ஒரு கறுப்பு விதையை எடுத்து, சின்ன அட்டையில் ஒட்டி, ஊசி குத்தி, அந்த ஒற்றை வண்டுக்குத் துணையாக வண்டுப் பெட்டியில் நட்டுவைத்தாள். கிழவர் இதற்கும் நெற்றி, கால் எல்லாம் எழுதுவார், சங்கத்தில் வாசிப்பார், தெருவே சிரிக்கும். இந்தக் கதையை எழுதுவதும் அவள்தான். அதனால் அது நல்ல வேடிக்கை என்று அவள் நினைத்ததை மறைக்க முடியாது.

சனிக்கிழமை காலை வேடிக்கை பார்க்க இறங்கி வந்தாள். உர்போ பெட்டியைத் திறந்தார். இரண்டாவது ஊசியைப் பார்த்தார். நுண்ணோக்கியில் வைத்தார். எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். ஏலக்காய் மணத்தது. இனிப் பார்வையை மட்டும் நம்புவதில்லை என்பதுபோல் அதை ஓரமாகக் குத்திவைத்துவிட்டு, உண்மையான வண்டைப் பிடுங்கி, ஒரு சொட்டு நீரில் ஊறவைத்து, மெல்லிய ஊசியால் அதன் வயிற்றைப் பிரித்தார்.  உள்ளே வளைந்த சின்னக் கொக்கி. ஆணுக்கு மட்டுமே உள்ள கொக்கி.

மேல்மாடிப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை.

உர்போ வர்ணனையின் கடைசி வரியை அடித்தார். அப்புறம் "அவுலிக்கியே" என்ற பெயரை, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக.

"கூனனுக்கு எம்பேரா வச்சிருந்த?" என்றாள் பின்னால் நின்ற அவுலிக்கி.

"உன் பேரு வைக்கிறதுக்குத்தான்டி இவ்வளவும்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். மாவுப் பாத்திரத்தை இறக்கினாள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஏலக்காயை உரலில் கொட்டி, யார் மேலோ கோபம் இருப்பதுபோல் இடித்தாள். "வாசலை மிதிக்கமாட்டேன்னுல்லாம் சொல்லாத. சூடா கொண்டுபோ. சிரிச்சுக்கிட்டே தின்னட்டும்."

உர்போ கோட்டை மாட்டிக்கொண்டு, பன் கூடையோடு கிளம்பினார். கதவருகே நின்று, மேல்மாடிப் பெண்ணின் உள்ளங்கையில் ஒரு பன்னை வைத்தார். அதன் நடுவில் ஊசி, ஊசியில் அட்டை, அட்டையில் அவளுடைய ஏலக்காய் விதை. கீழே, வண்டுகளுக்கு எழுதும் அதே மயிரிழை எழுத்தில், ஒரு சீட்டு:

பெண்: தெரிந்துவிட்டது.