அடைத்த கடைக்குள் பதினோரு நிமிடம்

ஷட்டர்காரருக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. அதில் முப்பத்தொரு வருடம் கடைகளின் இரும்பு ஷட்டர்களோடு கழிந்திருந்தது. கடைத்தெருவில் இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்தாறு கடைகள். அவற்றில் நாற்பத்தொரு கடையின் ஷட்டர் அவர் மாட்டியது. மீதி ஐந்தும் வேறு ஆள் மாட்டியவை. அவற்றைப் பற்றி அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை.

காலையில் கடை திறக்கிற நேரத்தில் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் ஷட்டர்கள் கடகடவென்று ஏறும்.

"வாட்ச் கடையில இடது பக்க ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு. பத்து நாளைக்குள்ள கூப்பிடுவார் பாரு" என்பார். ஒன்பதாம் நாள் கூப்பிட்டுவிடுவார்கள்.

"ஊரான் கதவு இருமினாக்கூட உங்க காதுல விழுது. நம்ம வீட்டுக் கதவு ரெண்டு வருஷமா கீச்சு கீச்சுன்னு கத்துது, அது மட்டும் விழல" என்பாள் மனைவி.

"அது மரக்கதவு" என்பார் அவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்கு அவர் வாட்ச் கடை வாசலில், ஏணியின் நான்காம் படியில் நின்று ஸ்பிரிங்கை இறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடை மருந்துக்கடை. கணவர் இறந்த பிறகு ஒன்பது வருடமாக ஓர் அம்மாள் அதைத் தனியாகவே நடத்திவந்தார். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரு பார்வையில் படித்துவிடுவார். சாப்பாட்டு நேரம் என்பதால் தெருவில் நடமாட்டம் குறைவு.

"ஐயோ!" என்று ஒரு குரல் கேட்டது. ஷட்டர்காரர் திரும்பினார். மருந்துக்கடைக்குள் ஹெல்மெட் போட்ட ஒருவன் மேசைமேல் பாதி உடம்பைச் சாய்த்து நின்றான். ஒரு கையில் கத்தி, மறுகை பணப்பெட்டியில். வெளியே இன்னொருவன் பைக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

வேறு ஆளாக இருந்தால் கத்தியிருப்பார், இல்லாவிட்டால் ஒளிந்திருப்பார். ஷட்டர்காரர் ஏணியிலிருந்து இறங்கினார். ஏணியில் சாய்த்திருந்த கொக்கிக்கம்பை எடுத்து மருந்துக்கடை ஷட்டரில் மாட்டி ஒரே இழுப்பாக இழுத்தார். போன மாதம் அவரே கிரீஸ் போட்ட ஷட்டர், வழுக்கிக்கொண்டு இறங்கியது. அடியில் காலால் மிதித்து, இரண்டு பக்கத் தாழ்ப்பாளையும் தள்ளினார். எல்லாம் சேர்த்துப் பத்து விநாடி ஆகியிருக்காது. திருடன் தப்பக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் மனதில் இருந்தது. அந்த அம்மாளும் உள்ளேதான் இருக்கிறார் என்பது தாழ்ப்பாள் விழுந்த பிறகுதான் உறைத்தது.

பைக் பறந்துவிட்டது. ஆட்கள் ஓடிவந்தார்கள். சலூன்காரர் கத்தரிக்கோலோடு வந்தார். அவர் பின்னாலேயே ஒரு பக்கக் கன்னத்தில் சோப்பு நுரையோடு ஒரு வாடிக்கையாளரும் வந்தார்.

"மாட்டினான்யா!" என்று சலூன்காரர் கைதட்டினார். "அண்ணே, நீங்க சாமானிய ஆளில்லண்ணே!"

உள்ளேயிருந்து ஷட்டர் அதிர்ந்தது. கூட்டத்துக்கு அது ஒரே சத்தம். ஷட்டர்காரருக்கு இரண்டு. கீழே உதைப்பது பூட்ஸ் கால். நெஞ்சு உயரத்தில் படபடவென்று அடிப்பது விரித்த உள்ளங்கை; கனமில்லாத கை. அதோடு தகரத்துக்குப் பின்னால் ஒரு குரல், "திறங்க, திறங்க" என்று.

அவர் தாழ்ப்பாளை நோக்கிக் குனிந்தார். சலூன்காரர் தோளைப் பிடித்து இழுத்தார்.

"என்னண்ணே பண்றீங்க? கத்தியோட வெளிய பாய்ஞ்சான்னா யாரைக் குத்துவான்னு தெரியாது. போலீஸ் வரட்டும்."

"ஆமா, திறக்காதீங்க!" என்றார்கள் நாலைந்து பேர்.

ஷட்டர்காரர் நிமிர்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கைச் சத்தம் நின்றது.

இரண்டு ஐம்பத்திரண்டுக்குப் போலீஸ் வந்து திறந்தபோது, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் திருடன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். இருபத்துநாலு வயது. அந்த அம்மாள்தான் ஏதோ பட்டனை அழுத்தி ஷட்டரை இறக்கிவிட்டார் என்று நினைத்து, திறக்கச் சொல்லிக் கத்தியை வீசியிருக்கிறான். அவர் வலது கையைக் குறுக்கே நீட்டியிருக்கிறார். உள்ளங்கை கிழிந்து, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் போகிற நரம்பு அறுந்துபோயிருந்தது. தைத்தார்கள். விரல்கள் இனிமேல் சரியாக மடங்காது என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு சலூனில் வேறு பேச்சே இல்லை.

"நாலு பேர் குறுக்க விழுந்தாத்தான் அடுத்தவன் கடைக்குள்ள கால் வைக்க யோசிப்பான்" என்றார் சலூன்காரர்.

பேப்பர் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "உன் உடம்பை வச்சுக் குறுக்க விழு, வேணாங்கல. அடுத்தவங்க உடம்பை வச்சு விழாத."

"நீ அன்னிக்கு எங்கய்யா இருந்த?"

"மேசைக்கு அடியில. அங்கேருந்துதான் போன் போட்டேன். போலீஸ் வந்தது என் போனுக்குத்தான், உன் கைதட்டலுக்கு இல்ல."

சலூனே சிரித்தது. ஆனாலும் தெருவின் தீர்ப்பு சலூன்காரர் பக்கம்தான் இருந்தது. வியாபாரிகள் சங்கத் தலைவர் ஷட்டர்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். உங்களுக்கு ஒரு கேடயம் குடுக்கிறோம்."

"வேணாம் தலைவரே. நான் ஒண்ணும் செய்யல."

"தன்னடக்கம்!" என்று தலைவர் அவர் மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தீங்களாம்மா, இதான் பெரிய மனுஷன் குணம்."

"நெஜமாத்தான் சொல்றேன்."

"அதுக்குத்தான் குடுக்கிறோம்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் எழுந்து போனார்.

மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "என்னங்க, என்ன விஷயம்? ரெண்டு வாரமா சோத்தைப் பிசையறீங்க, திங்க மாட்டேங்கறீங்க."

அவர் சொன்னார். உள்ளங்கைச் சத்தம் கேட்டதை, அது யாருடைய கை என்று தெரிந்ததை, குனிந்து நிமிர்ந்ததை.

"அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லிடுங்க."

"சொன்னா இனிமே என் மூஞ்சியில முழிக்காது. அந்தக் கடைப் பக்கமே நான் போக முடியாது."

"சொல்லலைன்னா மட்டும்? சலூன்காரர் புகழ்றாருன்னு முடி வெட்டிக்கக்கூடப் போகாம இருக்கீங்க. கண்ணாடியில ஒரு தடவை பாருங்க. திருடன் தேவலை."

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்த அம்மாள் வீட்டுக்குப் போனார். சம்பவம் நடந்து பத்தொன்பதாம் நாள். அந்த அம்மாள் முன்னறையில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று விரல் பந்தைப் பிடித்தது. இரண்டு விரல் சும்மா நின்றது.

"வாங்கண்ணே. நாளைக்குக் கேடயமாமே."

"அதுக்கு வரலம்மா." அவர் உட்காரவில்லை. "அன்னிக்கு நீங்க உள்ளேருந்து தட்டினது எனக்குக் கேட்டுச்சு. கையால தட்டினது நீங்கன்னு தெரிஞ்சுது. திறங்கன்னு சொன்னதும் கேட்டுச்சு. திறக்கல."

அம்மாளின் கையிலிருந்து பந்து நழுவி, உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. இருவரும் அதை எடுக்கவில்லை.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"சலூன்காரரைக் கேட்டேன், ஒண்ணும் கேக்கலன்னார். வாட்ச் கடைக்காரரும் கேக்கலன்னார். போலீஸ்ல எழுதும்போதும், 'வெளிய யாருக்கும் கேக்கலையேம்மா'ன்னாங்க. நான் கத்தினேனா, இல்ல கத்தினதா நெனச்சுக்கிட்டேனான்னு எனக்கே புரியாம போச்சு." "பத்தொன்பது நாளா இதையே நெனச்சுக்கிட்டிருக்கேன்."

அம்மாள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பணப்பெட்டியை நானே அவன் பக்கம் தள்ளி விட்டிருந்தேன் அண்ணே. இன்னும் ஒரு நிமிஷம், எடுத்துட்டுப் போயிருப்பான். இருட்டானதும் அவன் பயந்தான் பாருங்க. கத்தியைக் கண்டுகூட எனக்கு அவ்வளவு பயமில்ல. அவன் பயந்ததைப் பாத்துதான் எனக்கு உசிரே போச்சு."

"நான் வேணும்னு செய்யலம்மா."

"தெரியும். தெரிஞ்சதாலதான் உங்களைத் திட்டவும் முடியல." கோபம் அப்போதுதான் முகத்தில் ஏறியது. "யார் உங்களைக் கேட்டா? கத்தியிருக்கலாம்ல? நம்பரைப் பாத்து எழுதியிருக்கலாம்ல? உதவின்னா, உள்ள இருக்கறவளுக்கு என்ன வேணும்னு ஒரு தடவை யோசிக்க வேணாமா?"

"யோசிக்கலம்மா."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கூட்டத்துக்குப் போறீங்களா?"

"போகல."

"போங்க. 'எனக்குக் கேட்டுச்சு'ன்னு அங்க சொல்லுங்க."

போனார். தலைவர் கேடயத்தை எடுப்பதற்குள் எழுந்து நின்று மூன்று வாக்கியம் சொன்னார்: அந்த அம்மா கத்தினாங்க. எனக்குக் கேட்டுச்சு. நான் திறக்கல. கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. சலூன்காரர் தரையைப் பார்த்தபடி, "எனக்கும் ஏதோ கேட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றார். கேடயம் இன்றைக்கும் சங்க அலுவலக அலமாரியில், பெயர் பொறிக்காமல் இருக்கிறது.

ஒன்பது நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, அந்த அம்மாள் ஆள் அனுப்பினார். உள்ளிருந்து திறக்க வழியில்லாத கடையில் இனி உட்கார மாட்டேன் என்றார். ஷட்டர்காரர் ஒன்றரை நாள் வேலை செய்து, இரண்டு தாழ்ப்பாளும் உள்ளேயிருந்து ஒன்றாக விலகும்படி ஒரு நெம்புகோல் பொருத்தினார். இடுப்பு உயரத்தில், இடது கைப் பக்கம்.

"உள்ள வாங்க" என்றார் அம்மாள். தாழ்ப்பாள் போட வெளியே ஆள் வேண்டும். ஷட்டர்காரரின் மனைவி வந்து நின்றாள். ஷட்டர் இறங்கியது. இருட்டில் மருந்து வாடை மட்டும் இருந்தது. அடியில் நூல் போல வெளிச்சம்.

"இங்கதான் நின்னான்" என்றார் அம்மாள். வேகவேகமாக மூச்சு விட்டார்.

வெளியே யாரோ, "கடை இருக்கா, இல்லையா? எங்கப்பாவுக்கு பிரஷர் மாத்திரை வேணும்" என்று கேட்பது காதில் விழுந்தது.

அம்மாள் இடது கையால் நெம்புகோலைத் தள்ளினார். அசையவில்லை. ஷட்டர்காரர் உதவக் கை நீட்டினார்.

"தொடாதீங்கண்ணே."

அவர் கையை இழுத்துக்கொண்டார். அம்மாள் காலை ஊன்றி, இன்னொரு முறை முழுப் பலத்தோடு தள்ளினார். தாழ்ப்பாள்கள் விலகின. ஷட்டரை இடது கையாலேயே முழங்கால் வரை தூக்கி, பிறகு தோள் கொடுத்து மேலே ஏற்றினார். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே நின்றவரைப் பார்த்தார்.

"சீட்டைக் குடுங்க" என்றார்.