ஏனோக்கின் பதினோரு நாய்கள்

என் அண்ணன் ஏனோக் இறந்து இன்றோடு பத்தொன்பது நாள். இரங்கல் உரைக்குப் பாதிரியார் குறிப்பு கேட்டபோது பிறந்த ஆண்டையும், எந்தெந்த விரிகுடாவில் மீன் பிடித்தான் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். நாய்களைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் நாற்பத்தேழு பேர் இருக்கிறோம். நாய்கள் அதைவிட அதிகம். குரைக்காமல் ஊளையிடும், ஓநாய் முகம் கொண்ட இந்த நாய்களைத் தவிர வேறு சாதி நாய் இங்கே வரக்கூடாது என்பது சட்டம். ஆண்டுக்கு ஆண்டு இவையும் குறைந்துகொண்டே வருகின்றன. ஏனோக்கிடம் பதினொன்று இருந்தன. அவற்றைப் பூட்டி உறைந்த கடலின் மேல் பனிவண்டி ஓட்டிப் போய், துளையிட்டுத் தட்டைமீன் பிடிப்பான். அதுதான் அவன் பிழைப்பு.

நாய்களுக்கு அவன் பெரிதாக ஒன்றும் செய்ததாகத் தெரியாது. ஒன்றின் சங்கிலி இன்னொன்றை எட்டாத தூரத்தில் பாறைமேல் கட்டுவான். கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை தீனி, தினமும் தண்ணீர். வார் உரசிப் புண்ணான இடத்தில் சீல் விலங்கின் கொழுப்பைத் தடவுவான். வசந்தத்தில் பனி கண்ணாடிச் சில்லு போல ஆகும்போது, பாதங்களுக்குத் தோலுறை தைத்து ஒவ்வொன்றாகக் கட்டுவான். பதினொன்றுக்கு நாற்பத்து நான்கு உறைகள். கட்டி முடிப்பதற்குள் முதல் நாய் கழற்றித் தின்றிருக்கும்.

ஊர் நாய்களுக்கெல்லாம் தடுப்பூசி போடுகிறவனும் அவன்தான். இழுக்க முடியாமல் போன கிழட்டு நாய்களைச் சுடுகிறவனும் அவன்தான்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய இலையுதிர்காலத்தில் ஹெலிகாப்டரில் மருந்துப்பெட்டி வந்தது. திறந்து பார்த்தால், ஓரத்துக் குப்பிகள் உறைந்து விரிசல் விட்டிருந்தன. பட்டியலைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். பக்கத்து வீட்டு எலியாசேர் தன் நாயைக் காலிடுக்கில் பிடித்திருந்தான்.

"ஏனோக்கண்ணா, முதல்ல உன் நாய்ங்களுக்குப் போட்டுக்கோ. மருந்து பத்தாது போலிருக்கு."

"சீல் கறியைப் பங்கு போடறவன் தன் பங்கை எப்ப எடுப்பான்?"

"கடைசியா. ஆனா இது கறியா?"

"கத்தியும் என் கையில, ஊசியும் என் கையில. ரெண்டும் ஒண்ணுதான். நாயை ஒழுங்காப் பிடிடா, என் விரலைத் தின்னப் பாக்குது."

பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான். மருந்து கறி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் ஊரில் பங்கு போடுகிறவன் முதலில் எடுத்து நான் பார்த்ததில்லை. பட்டியலில் அடுத்த பெயரைப் படித்தேன். கடைசிக் குப்பி எலியாசேரின் பதினான்காவது நாயோடு தீர்ந்தது. ஏனோக்கின் பதினொன்று மட்டும் பாக்கி.

அடுத்த பெட்டி இரண்டு வாரத்தில் வரும் என்றார்கள். மூடுபனியும் புயலுமாக ஆறு வாரம் ஆனது. அதற்குள் பாறைப்பக்கம் நோய் பிடித்த நரி ஒன்று வந்து போனது. ஏனோக்கின் நாய்களுக்கு முதலில் கண்ணில் பீளை, பிறகு இருமல், பிறகு வலிப்பு. ஊரில் வேறு ஒரு நாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை.

எலியாசேர் துப்பாக்கியோடு வந்தான். "நான் சுடறேண்ணா. நீ உள்ள போ."

"என் குரல் கேட்டாத்தான் அதுங்க அசையாம நிக்கும்" என்றான் ஏனோக்.

பத்து முறை வெடிச்சத்தம் கேட்டது. பதினொன்றாவதான அபூத் என்ற வெள்ளைப் பெட்டை அன்று காலைதான் எழுந்து தண்ணீர் குடித்திருந்தது. அதை விட்டுவிட்டான். அது பிழைத்தது. ஆனால் தாடை எப்போதும் நடுங்கும், பின்னங்கால் தானாக வெட்டி இழுக்கும். பனிவண்டிக்கு உதவாது.

ஏழு வீட்டார் ஆளுக்கொரு குட்டி கொண்டுவந்தார்கள். ஏனோக் ஒவ்வொன்றின் பல்லையும் பார்த்தான், பாதத்தைப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான். "குட்டி வண்டி இழுக்க ரெண்டு வருஷம் ஆகும். எனக்கு அறுபத்தொண்ணு" என்றான். அந்தக் குளிர்காலம் எலியாசேர் தன் வண்டியில் அவனை ஏற்றிக்கொண்டு போனான். ஏனோக் இரண்டு முறை போனான். "மூட்டை மாதிரி உக்காந்திருந்தேன்" என்று சொல்லி, பிறகு போகவில்லை.

கடையில் பீபியானே என்ற ஊர்க்காரி அவனைச் சும்மா விடமாட்டாள். "இழுக்காத நாய்க்கு மீனா? என் கிழட்டு நாயை மட்டும், சும்மா தின்னுதுன்னு சுட்டியே."

"சுட்டேன். அது உன் நாய்" என்றான்.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வீட்டில் மீனை வேகவைத்து, முள் எடுத்து, நடுங்கும் வாய்க்குள் விரலால் வைத்து ஊட்டுவான். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

இந்த ஆகஸ்டில் வயிற்றுவலி என்று நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஹெலிகாப்டர் ஏறும் முன் சொன்னான்: "நான் வரலேன்னா எலியாசேர் கிட்ட சொல்லு. அபூத்தைச் சுட்டுடட்டும். அவன் நேராச் சுடுவான். உன்னால ஊட்ட முடியாது."

பெட்டியில்தான் வந்தான். புதைத்த மறுநாள் எலியாசேரிடம் சொன்னேன். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனான். ஜன்னல் பக்கம் நிற்காமல் அடுப்படியில் நின்று காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. வெகுநேரம் கழித்து வாசலில் வந்து நின்றான்.

"என்னால முடியாதுக்கா. என் பதினாலும் உசுரோட நிக்கிறது இதோட பங்குல."

"அண்ணன் சொல்லிட்டுப் போனது இது."

"தெரியும்." துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தான். "வெந்த மீன் இருந்தா குடு. முள்ளு நான் எடுத்துக்கறேன்."

அன்றிலிருந்து இரண்டு நாளுக்கு ஒருமுறை வருகிறான். அவன் விரல் தடித்தது, பாதி மீன் கீழே விழுகிறது. அபூத் மெலிந்துகொண்டே வருகிறது. அண்ணன் சொன்னதுதான் சரியோ என்று தினமும் நினைக்கிறேன். அதை எலியாசேரிடம் இன்னும் சொல்லவில்லை.