அணைந்த திரையில் ஐந்து சீட்டுகள்

என் கணவர் ஒரு சொகுசுக் கப்பலின் சூதாட்டக் கூடத்தில் போக்கர் என்னும் சீட்டாட்ட இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். ஊரில் கேட்பவர்களிடம் 'கப்பலில் எலக்ட்ரீசியன்' என்று மட்டும் சொல்லிவைப்போம்.

கடைசியாக விடுப்பில் வந்தபோது, துணிகளுக்கு நடுவே பொதிந்து அந்த இயந்திரத்தின் பழைய திரை ஒன்றைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து டிவி போல முதுகு புடைத்த கண்ணாடி. கப்பலில் பழையவற்றைக் கழித்துவிட்டுத் தட்டையான தொடுதிரைகளை வைத்துவிட்டார்களாம்.

"முன்னால கைப்பிடிய இழுத்தா சக்கரம் சுத்துத மிஷினுதான் இருந்திச்சு. பொறவு டிவியையும் கம்ப்யூட்டரையும் சேத்து இதப் பண்ணுனாவ. அஞ்சு சீட்டு வரும். எத வச்சுக்கிடணும், எத மாத்தணும்னு நாமளே பட்டன அமுக்கலாம். எதிர்ல ஆளு கெடையாது. அதாம்ட்டி எல்லாருக்கும் புடிச்சுப் போச்சு" என்றார்.

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டை ஒட்டிய வீடு எங்களுடையது. முன்னறை மேசையில் அதை வைத்தார். மின்சாரம் கொடுக்கவில்லை. மறுநாள் பெருக்கும்போது பார்த்தேன், இருண்ட கண்ணாடிக்குள் ஐந்து கட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. துடைத்தேன். போகவில்லை.

"வருசக்கணக்கா சீட்டு ஒரே எடத்துல நின்னு, உள்ளயே கருகி அச்சாயிருச்சு" என்றார்.

காரணம் தெரிந்தும் பயம் விடவில்லை. குறுக்கே போனால் என் முகம் கண்ணாடியில் விழும். அதன் மேல் சீட்டுகள் கிடக்கும். சுவரோரமாக நடக்கப் பழகிக்கொண்டேன்.

அவர் மத்தியானங்களில் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். ஓய்வெடுக்கிறார் என்று நினைத்தேன்.

தை மாதம். வாசலில் தார்ப்பாய் விரித்து உளுந்து காயப்போட்டிருந்தோம். வெயில் இருக்கும்போதே திடீரென்று மழை இறங்கியது.

"ஏங்க, மழ! ஓடியாங்க!"

அவர் வரவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். தனியாகவே அள்ளி, பாதிக்கு மேல் நனையவிட்டு, சேறு ஒட்டிய காலோடு உள்ளே ஓடினேன். அவர் அந்த அணைந்த திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். விரல்கள் மேசை விளிம்பை அமுக்கிக்கொண்டிருந்தன. ஒரு விரல், சற்று நிறுத்தி அடுத்த விரல்.

தோளைத் தொட்டேன்.

"இரு, இந்த ஒண்ண மட்டும் வச்சுக்கிடுதேன்" என்றார், திரும்பாமல்.

கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அதன் பின்னும் விரல்கள் கொஞ்ச நேரம் அமுக்கின. பிறகு என்னைப் பார்த்தார், என் ஈரச் சேலையைப் பார்த்தார்.

"மழ எப்ப பெஞ்சது?"

அன்று சாயங்காலம்தான் சொன்னார். ஒருமுறை கப்பலில் தீ எச்சரிக்கை மணி அடித்து எல்லாரும் ஓடியபோது, வயதான பெண் ஒருத்தி மட்டும் இயந்திரத்தை விட்டு எழவில்லையாம். இவரும் இன்னொருவரும் அவளைத் தூக்கிக்கொண்டு மேல்தளம் போனார்களாம்.

"என் சட்டையப் புடிச்ச கையி, பொத்தான் பொத்தானா அமுக்கிட்டே வந்திச்சு. அவியளுக்குப் பித்துன்னு நெனச்சேன்" என்றார். கரை இறங்கும் ஊர்களில் அவரும் காசு வைத்து அதை விளையாடியிருக்கிறார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் இருவருமாக அதைப் பழைய இரும்புக் கடையில் கொண்டுபோய்ப் போட்டோம். "அண்ணாச்சி, கண்ணாடி தேறாது, உள்ள செம்பு இருந்தாத்தான் காசு" என்றார் கடைக்காரர். எப்படியோ போகட்டும் என்று திரும்பிவிட்டோம். என் கணவர் மறுபடி கப்பலுக்குப் போகவில்லை. இப்போது கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை.

வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டோடு பேச்சும் கொடுப்பேன். நன்றாகத்தான் பேசுகிறார். சில நாள் பதில் கொஞ்சம் தாமதமாகும். அகப்பையைக் கையில் பிடித்தபடி, அவர் விரல்களைப் பார்த்துக் காத்திருப்பேன்.