பேராசிரியரின் ரஷ்யரும் என்னுடையவரும்

தொண்ணூறுகளில், இத்தாலியின் பலெர்மோ நகரில், கால்சாப் பகுதியில், ஓய்வுபெற்ற புவியியல் பேராசிரியர் ஒருவரின் வீட்டில் வேலை செய்தேன். கூட்டுவது, சமைப்பது எல்லாம் இரண்டாம் பட்சம். உண்மையான வேலை அவர் கதைப்பதைக் கேட்பதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யப் பயணி ஒருவரின் வாழ்க்கையை அவர் எழுதிக்கொண்டிருந்தார். ஒட்டகங்களோடு கோபிப் பாலைவனத்தைக் கடந்த மனிதர். பறவை, காட்டுக்குதிரை, புல் பூண்டு, ஏரித் தண்ணீர் உப்பா இல்லையா என்று ஒன்றையும் விடாமல் குறித்தவர். அந்நியருக்கு மூடிக் கிடந்த லாசா நகரைப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்று, கிட்டப் போயும் திருப்பி அனுப்பப்பட்டவர். நான் வெங்காயம் உரிப்பேன், பேராசிரியர் பாலைவனம் கடப்பார்.

அந்த ரஷ்யர் கல்யாணமே கட்டவில்லை என்று ஒரு நாள் சொன்னார். அதுதான் ஆள் இப்படி ஊர் சுற்றியிருக்கிறார் என்றேன். பேராசிரியரின் முகம் சுருங்கிவிட்டது.

எனக்கும் அப்போது ரஷ்யாவில் ஒருவர் இருந்தார், என் கணவர். ஊர்ச் சண்டைக்குத் தப்பி வெளிக்கிட்டதில் எனக்கு முதலில் வழி கிடைத்து நான் வந்துவிட்டேன். அவர் மொஸ்கோவில், ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் காட்டிய அறையில் அடைபட்டுக் கிடந்தார். ஒருநாள் பேராசிரியர் வீட்டுக்கே தொலைபேசி எடுத்து, நாளைக்கு வெளிக்கிடுகிறோம் என்றார். வெளிக்கிடுபவரிடம் எங்கே என்று எங்கள் ஆட்கள் கேட்பதில்லை, கேட்டால் போகிற காரியம் சரிவராது.

"தூரமோ?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓம், தூரம்தான்," என்றார். லைன் அறுந்துவிட்டது.

விஷயத்தைக் கேள்விப்பட்ட பேராசிரியர் தலையில் கை வைத்தார். எந்த நாட்டு வழியாக என்றுகூடக் கேட்காமலா விட்டாய் என்று சத்தம் போட்டார். நான் காரணத்தைச் சொன்னதும் இன்னும் சத்தம் போட்டார். ஆனால் மறுநாள் காலையில் தன் ரஷ்யரைப் பாலைவனத்திலேயே விட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் ஐரோப்பா வரைபடத்தை விரித்தார். இப்படி வந்தால் சதுப்பு நிலம், அப்படி வந்தால் மலை, இந்த ஆறு உறைந்திருக்கும் என்று பென்சிலால் காட்டிக்கொண்டே போனார்.

வாரக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. சைவக்காரி நான், மாதா கோயிலிலும் மெழுகுதிரி கொளுத்தினேன். பாஸ்தாவுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். பேராசிரியர் ஒரு வாயும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

பிறகு ஒரு காலை, யாருடையதோ ஒரு பெரிய கோட்டுக்குள் மெலிந்துபோய், என் கணவர் வாசலில் நின்றார். தேநீரை முழுதாகக் குடிக்கவும் பேராசிரியர் விடவில்லை. வரைபடத்துக்கு முன்னால் இருத்திவிட்டு, முதலில் எந்த ஆறு, கரையில் என்ன மரம், மலை எவ்வளவு உயரம் என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் தமிழில் சொன்னேன்.

கணவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"என்னத்தைச் சொல்லுறது? லொறிக்குள்ளை ஒரே இருட்டு. ஒண்டும் தெரியேல்லை. உம்மடை முகம் மறந்துபோகுமோ எண்டுதான் பயமா இருந்தது."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அந்த மனிதர் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று பேராசிரியர் பென்சிலோடு அவசரப்படுத்தினார். அதை மட்டும் நான் அவருக்கு இத்தாலியனில் சொல்லவில்லை.